பதினொரு சென்டிமீட்டர்

அந்தக் காரை நான் முழுசாகப் பார்த்ததில்லை.
பின்கதவின் ஓரம் தெரியும்,
அதைச் சுற்றிப் போகும் கறுப்பு ரப்பர் தெரியும்,
மூலையில் அது வளைகிற இடத்தில்
கட்டைவிரல் வழுக்குவது தெரியும்.

சூளகிரி தாண்டி,
கிரானைட் அறுக்கும் ஷெட்டுகளுக்குப் பின்னால் எங்கள் கம்பெனி.
ஐரோப்பாக்காரன் ஒருத்தனும் சீனாக்காரன் ஒருத்தனும்
பாதிக்குப் பாதி போட்டு
பனி கொட்டும் ஏதோ ஊரில் கார் செய்கிறார்கள்.
அந்தக் கதவுக்கு நாங்கள் ரப்பர்.
கூட்டுக் கம்பெனி என்றால் என்ன சார் என்றதற்கு
முனிரெட்டி சார் சொன்னார்:
"கூட்டுப் பட்டா மாதிரிம்மா. கிணறு பொது.
மோட்டார் போடறப்பதான் சண்டை."

அதே கார் ஐரோப்பாவில் குட்டை.
சீனாவுக்கென்றால் நீளம்.
அங்கே பின்சீட்டில் உட்காருகிறவர்தான் முதலாளியாம்,
கால் நீட்ட இடம் வேண்டுமாம்.
பதினொரு சென்டிமீட்டர்.
அந்தப் பதினொன்றுக்காக அச்சு புதுசு,
ஷிப்ட் மூன்று,
என் பெயர் போட்ட அட்டை.

ராயக்கோட்டையிலிருந்து இருட்டோடு கிளம்பும் பஸ்ஸில்
எந்த வரிசையில் உட்கார்ந்தாலும்
முன்சீட்டுக் கம்பி என் முழங்காலைக் கண்டுபிடித்துவிடும்.
தில்ஷாத் குறுக்காகத் திரும்பிக்கொள்வாள்,
தக்காளிக் கூடையைச் சாய்ப்பதுபோல் என்னைச் சாய்த்துவிட்டு.
ஒருநாள் ஸ்டீல் ஸ்கேல் கொண்டுவந்து அளந்தாள்,
கம்பிக்கும் முழங்காலுக்கும் நடுவே.
எவ்வளவு என்று சொல்லவில்லை.
சிரித்தாள். ஸ்கேலைப் பையில் போட்டாள்.

கதவு மூடும் சத்தத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது.
தட்டென்று கேட்டால் தள்ளுபடி.
தொப்பென்று கேட்டாலும் தள்ளுபடி.
நடுவில் ஒன்று, எழுத வராது:
மழை விட்ட தோப்பில்
பெங்களூரா மாங்காய் ஒன்று தானாக விழுமே,
அது.

தை மாதம் நூற்று நாற்பது ரப்பர் திரும்பி வந்தன.
மூலையில் மயிரிழை விரிசல், பனியில் விறைத்து.
கூடவே ஒரு போட்டோ.
விரிசலைக் காட்ட நீட்டிய ஒரு விரல்.
நகத்தடியில் கறுப்பு.
பெண் விரல் என்றேன் நான்.
சின்னப் பையன் என்றாள் தில்ஷாத்.
என் நகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்,
அதே கறுப்பு, தேங்காயெண்ணெய்க்கும் போகாதது.
"விரிசலைப் பாருங்கம்மா" என்றார் முனிரெட்டி சார்.

நம்பரைத் திருப்பிப் பார்த்தால் என் ஷிப்ட்.
காரணம்: மின்தடை என்று எழுதி அனுப்பினார்கள்.
அன்றைக்குக் கரண்ட் போனது உண்மை.
வந்த பிறகும் நான் கண்ணசந்திருந்தேன், அதுவும் உண்மை.
அந்த விரலுக்கு எழுத ஒரு மொழி இருந்திருந்தால்
எழுதியிருப்பேனோ என்னவோ.

சித்திரையில் கூட்டு பிரிந்தது.
டிக்கியில் ஒட்டியிருந்த இரண்டு பெயரில்
ஒன்றைப் பிடுங்கிவிட்டார்களாம்.
இனி பேட்டரி வண்டிதானாம்,
அதற்கு ரப்பர் அவர்கள் தெருமுனையிலேயே கிடைக்கிறதாம்.
அச்சுக்கு எண்ணெய் பூசி, பாலிதீன் சுற்றி,
பிணத்துக்குச் செய்கிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல,
சும்மா இரு என்று யாரோ அதட்ட,
மூலையில் சாத்தினோம்.
இருபத்தாறு பேரில் ஒன்பது பேர்
பம்புசெட் வாஷருக்கு மாறினோம்.
தில்ஷாத் ஓசூரில் ரோஜா கட்டப் போய்விட்டாள்.
முள்ளுக்குக் கையுறை தருகிறார்கள் என்று போனில் சொன்னாள்,
பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ,
அதில் முழங்காலே இருக்கக் கூடாது.

கழிவு ரப்பர் கிலோ பன்னிரண்டு ரூபாய்.
நான் ஒரு கதவளவுக்கு வாங்கினேன்.
வாடகை வீட்டுத் தகரக் கதவு,
காற்றடித்தால் ராத்திரி முழுக்க யாரையோ திட்டும்.
சுற்றிலும் ஒட்டினேன், மூலையில் கட்டைவிரலால் அழுத்தி.
கொஞ்சம் மிச்சம் வந்தது. அளக்கவில்லை.

முதல்முறை மூடியபோது
வீட்டுக்காரர் மாதப்பன் மாடியிலிருந்து எட்டினார்.
"யாரும்மா கார்ல வந்தது?"
தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.
ஒரு நாய், ஒரு கொத்தமல்லிக் கட்டு சிதறிய தடம்.
பிறகு கதவைப் பார்த்தார்.
"ஆணி கீணி அடிச்சியா?"

பசைதான் என்றேன்.